ரிக்ரெட் ராயப்பன்

சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துண்டு நுனியால் ராயப்பன் துடைக்க ஆரம்பித்துவிட்டால், எதிரே நிற்பவர் தப்ப முடியாது. ஒன்றுபோலத் தெரியும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிரித்துக் காட்டாமல் விடமாட்டார். தராசுக்காரர், மூட்டை தூக்குகிறவர், டீ கொண்டு வருகிறவர் என்றெல்லாம் ஆள் பார்ப்பதில்லை.

செவ்வாய்ப்பேட்டை ஜவ்வரிசி மண்டியில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா அவர். சரக்கு நனைந்தாலும் நாள் தவறினாலும் கல்கத்தா வியாபாரிக்கு 'ரிக்ரெட்' என்றுதான் எழுதுவார். மறந்தும் 'அபாலஜி' வராது. "ரிக்ரெட்டுன்னா, மழை பேஞ்சிருச்சேன்னு வருத்தப்படறதுங்க. அபாலஜின்னா, அந்த மழையப் பேய வெச்சதே நாந்தான்னு ஒத்துக்கறது. ஒத்துக்கிட்டா மொதலாளி கதை கந்தலுங்க" என்பார். பேட்டையில் 'ரிக்ரெட் ராயப்பன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீட்டு விவகாரம்தான் மண்டிக் கடிதத்துக்கு அடங்கவில்லை. தங்கை இன்னாசிமேரியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். தங்கை புருஷன் யாகப்பன் காய்ச்சலில் தலைசுற்றி விழுந்தார். "குடிச்சுப்போட்டு உழுந்து கெடக்கறான்" என்று சபை நடுவே சொன்னவர் இந்த ராயப்பன். மதுவிலக்குக் காலம். சம்பந்தி வீட்டார் இலையை விட்டே எழுந்துவிட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவர யாகப்பன் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இப்போது மாதா கோவிலில் மூன்றாம் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று; இனிக் கல்யாணம்தான் பாக்கி. மன்னிப்புக் கேட்காத தாய்மாமன் கையால் தன் மகள் கழுத்தில் மாலை ஏறாது என்று யாகப்பன் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவர் ராயப்பன். சோறு இறங்கவில்லை. தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனார்.

"நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படறனுங்க, மாப்பிள்ளை."

"நடத்துனது யாருங்க, மச்சான்?" என்றார் யாகப்பன்.

ராயப்பன் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். யாகப்பனே இறங்கி வந்தார். "வாயில வராட்டிப் போகுதுங்க. பூசையில 'என் பாவமே'ன்னு நெஞ்சுல தட்டிக்கறீங்கல்ல, அந்த மாதிரி ஒருக்கா இங்க தட்டிக்குங்க. போதும்."

கதவோரம் நின்ற இன்னாசிமேரி, "தட்டிருங்கண்ணா, சாமி" என்றாள்.

ராயப்பனுக்குக் கண் கலங்கியது. விரல்கள் மடிந்தன. கை மெல்ல நெஞ்சுக்கு ஏறியது. அங்கே சட்டைப் பை இருந்தது. மூக்குக்கண்ணாடியை எடுத்து, துண்டு நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.