குளம் நிரம்பிய கதை

போன வியாழக்கிழமை ரஹீம் பாய் கடையில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

பாய்க்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். சவூதியில் பதினாறு வருடம் இருந்துவிட்டு வந்து பாபநாசத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். இங்கிலீஷ் பேப்பர் வாங்கிப் படிப்பார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பம்ப்செட் ரிப்பேர் பார்க்கிறவன் என்பதெல்லாம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான்.

"மாப்ளே, இங்க வா. நம்ம புரொபசர் எழுதியிருக்காரு. உன் ஊரு வாய்க்கா கதை" என்றார்.

வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பாதியிலேயே எழுந்துவிட்டேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

புரொபசர் யாரென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வாய்க்காலின் தலைமடையில், அதாவது ஆற்றிலிருந்து தண்ணீர் முதலில் நுழைகிற ஊரில், பிறந்தவர். அரசுப் பள்ளிக்கூடம், அரசு காலேஜ், அரசு ஸ்காலர்ஷிப்... அப்படியே வெளிநாடு. அங்கே முப்பது வருடம் பொருளாதாரப் பேராசிரியர். தடித்தடிப் புத்தகங்கள். இரண்டு மூன்று நாட்டு அரசாங்கங்களுக்கே யோசனை சொன்னவராம். என்ன யோசனை? "நீங்கள் ஒன்றும் செய்யாதீர்கள்" என்கிற யோசனை!

"இவங்களுக்கு லிபர்டேரியன்னு பேரு மாப்ளே" என்று பாய் முன்பே விளக்கியிருந்தார். "கவர்மென்ட்டு கையை எடுத்துட்டா எல்லாம் தானா சரியாயிடும்பாங்க. போலீசும் கோர்ட்டும் போதும். ரேஷன் வேணாம், இலவச கரன்ட் வேணாம், நெல் கொள்முதலும் வேணாம்."

எல்லாமே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கொள்முதல் நிலையத்தில் சாக்கு வரவில்லை என்று எட்டு நாள் நெல் குவியலுக்குக் காவல் கிடந்து, ஒன்பதாம் நாள் மழையில் அது முளைத்ததைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். அன்றைக்கு அவர் வந்து பேசியிருந்தால் தோளில் தூக்கியிருப்பார்கள்.

அவர் வந்தது குறுவை நடவு நேரத்தில்.

இந்த வருடம் தண்ணீர் குறைவு. முறை வைத்துத்தான் விட்டார்கள். ஆறு நாள் மேல்மடைக்கு. அடுத்த ஆறு நாள் கடைமடைக்கு, அதாவது வாய்க்கால் முடிகிற எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு. கடைமடை முறை நடக்கும்போது மேலே எல்லா ஷட்டரும் இறக்கியிருக்க வேண்டும். அப்படி இருந்தாலே தண்ணீர் எங்கள் ஊருக்கு நடந்து வந்து சேர மூன்று நாள் ஆகும்.

எங்கள் ஊரில் கடைசி மடை வளர்மதியுடையது. குத்தகைக்கு ஆறு மா, இரண்டு ஏக்கர். எனக்குத் தங்கச்சி முறை. நட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பச்சை பிடிக்கிற நேரத்தில் வயல் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. போர்வெல் கிடையாது. இந்த முறைத் தண்ணீர் ஒன்றைத்தான் நம்பியிருந்தாள்.

முறையின் ஐந்தாம் நாள் புரொபசருக்குப் பிறந்த ஊரில் பாராட்டு விழா. பத்திரிகையில் எழுதுகிறவன் என்று என்னையும் மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் வாய்க்கால் கரையோரமாக சைக்கிளில் போனேன். தலைமடையில் ஷட்டர் தூக்கியிருந்தது. தண்ணீர் சலசலவென்று கோயில் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

விழாக் கமிட்டியின் ஏற்பாடு. குளம் வறண்டு கிடந்தால் ஊருக்கு மரியாதையா? போட்டோ நன்றாக வருமா? இரண்டு நாளாகவே திறந்துவிட்டிருக்கிறார்கள். லஸ்கர், அதுதான் ஷட்டர் பார்க்கிற அரசுப் பணியாளர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். விருந்தாளி மேல் உள்ள பாசத்தில் அடுத்தவன் வயலைக் காயப்போடுவது எங்கள் பக்கத்துப் பெருந்தன்மை.

கேட்டேனா? இல்லை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்கு எப்போதும் கூச்சம். பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள்.

புரொபசர் நன்றாகத்தான் பேசினார். நல்ல தமிழ், மெல்லிய குரல். திடீரென்று ஜன்னல் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தக் குளத்தைப் பாருங்க. தளும்புது! எந்த மந்திரி வந்து நிரப்பினார்? எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டார்? யாரும் உத்தரவு போடலை. மக்களே கூடிச் செஞ்சிருக்காங்க. இதைத்தான் நான் முப்பது வருஷமா சொல்றேன்."

கைதட்டல். என் பக்கத்தில் கமிட்டித் தலைவர் எழுந்து நின்றே தட்டினார்.

அது அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சார், அது என் முறைத் தண்ணிங்க."

வளர்மதி. காலில் சேறுகூட இல்லை. சேறு எங்கே இருக்கிறது, அவள் வயலில்?

கமிட்டித் தலைவர் கையை உதறினார். "ஏம்மா, விருந்தாளி வந்திருக்காரு. இப்பத்தான் இதைப் பேசணுமா?"

"விருந்தாளி போறவரைக்கும் பயிர் காயாம நிக்குமாங்க?"

புரொபசர் கோபப்படவில்லை. உண்மையாகவே ஆர்வமாகிவிட்டார். "நல்ல பாயின்ட்மா. தண்ணிக்குத் தெளிவான உரிமையும் விலையும் இருந்தா இது நடந்திருக்காது. உங்க பங்கை நீங்க வித்திருப்பீங்க. கமிட்டி வாங்கியிருக்கும். ரெண்டு பேருக்கும் லாபம்."

"நான் விக்கலையே சார். என்னை யாரும் கேக்கக்கூட இல்லையே!"

சபையில் சிரிப்பு.

"விலை வச்சா மட்டும் என்னைக் கேட்டுட்டுத்தான் திறப்பாங்களா சார்?"

"அதுக்குத்தான் கோர்ட் இருக்கணும்னு சொல்றேன்."

"கோர்ட்டு தேதி குடுக்கறதுக்குள்ள நான் அறுத்தே முடிச்சிருப்பேன் சார். அறுக்க ஏதாவது இருந்தா!"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. காலைல ஷட்டர் தூக்கியிருந்ததை நீங்களும் பாத்துட்டுத்தானே வந்தீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா... எனக்கே தெரியவில்லை. கமிட்டித் தலைவர் மைக்கை வாங்கி, "சாப்பாடு ரெடி" என்று அறிவித்துவிட்டார்.

குளக்கரையில் போட்டோ எடுத்து முடித்தபிறகு, சாயங்காலம்தான் ஷட்டரை இறக்கினார்கள். ஒரு நாள் கழித்து மேல்மடை முறை வந்துவிட்டது. தண்ணீர் எங்கள் ஊர் எல்லை வரைக்கும் வந்து, வாய்க்காலை நனைத்துவிட்டு நின்றது. வளர்மதியின் ஆறு மாவில் நான்கு மா கருகியது. மூன்று பேர் நாற்றங்காலில் மிச்சம் கிடந்ததைக் கேட்டு வாங்கி, அடுத்த முறையில் மறுபடி நட்டாள். முற்றிய நாற்று. என்ன விளையும் என்று அவளுக்கே தெரியும்.

சரி, தெரியாமல் நடந்தது. பாவம், அவர் ஷட்டரைத் தூக்கச் சொல்லவில்லையே என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், வியாழக்கிழமை வரைக்கும்.

பாய் படித்துக் காட்டிய கட்டுரையின் தலைப்பு: 'அரசு இல்லாமல் நிரம்பிய குளம்'. மேலே கலர் போட்டோ. தளும்புகிற தண்ணீர், முன்னால் புரொபசர், ஓரமாகப் பொன்னாடையோடு நான்.

"வளர்மதி பத்தி ஏதும் இருக்கா பாய்?"

"இருக்கு மாப்ளே. ஒரு வரி. 'தண்ணீருக்கு விலை வைப்பது பற்றி ஒரு விவசாயப் பெண் என்னிடம் ஆர்வத்துடன் கேட்டார். என் மாணவர்களைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்.'"

அவ்வளவுதான்.

ஐயா, அவள் ஆர்வமாகவா கேட்டாள்? 'அது என் தண்ணீர்' என்று சொன்னாள். உங்கள் காதில் விழுந்தது. பதிலும் சொன்னீர்கள். பிறகு எப்படி அந்தக் குளத்தை உங்கள் கொள்கைக்குச் சாட்சியாக நிறுத்தினீர்கள்? அரசு கையை எடுத்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு எல்லாரும்தான் பார்த்தோமே. லஸ்கர் கையை எடுத்தார். மேலே இருந்தவன் கை வைத்தான். தலைமடையில் பிறந்தவருக்கு எல்லாம் தானாக வருகிற மாதிரித்தான் தெரியும். அது எங்கே வராமல் போகிறது என்று பார்க்கக் கரையோரமாகக் கொஞ்சம் கீழே நடக்க வேண்டும். நீங்கள் காரில் போய்விட்டீர்கள்.

நான் மட்டும் யோக்கியனா? அன்றைக்குத் தலையை ஆட்டியவன்தான். அதனால் இப்போது எழுத்தில் சொல்கிறேன், வளர்மதி: ஆமாம். ஷட்டர் தூக்கியிருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

புரொபசர் சார், உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, தயவுசெய்து யாரிடமும் சொல்லாமல் வாருங்கள்!