எழுதப்படாத நாற்பது நாட்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலம் முழுவதும் நான் நாட்குறிப்பு எழுதாமல் படுத்ததில்லை. கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று பகலெல்லாம் குறித்த கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. மழை பெய்தது, யார் வந்தார்கள், என்ன படித்தேன் என்று எல்லாம் ஏறும். இதை எழுதும்போதும் அந்த நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எங்கள் கதை நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நானும் என் தங்கையும் மட்டும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று இருந்தேன்.

குறிப்பில் உள்ளபடி, நவம்பர் தொடக்கத்தில் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, கிள்ளானுக்குப் போகும் பகல் வண்டியில் ஒரு டிரெஸ்ஸரைச் சந்தித்தேன். கிள்ளானுக்கு வெளியே ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்தும் புண்ணுக்குக் கட்டும் போடுகிறவர். எங்களைப் போலவே கத்தோலிக்கர். என்னைவிட மூன்று வயது இளையவர். நான் தேதி போட்டு எழுதுகிற ஆள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் பேச்சை எடுத்த விதம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

“அண்ணே, உயிர்த்தெழுந்த பிறகு சேசுநாதர் நாற்பது நாள் பூமியில இருந்தாரு. சீஷருங்களோட பேசினாருன்னு இருக்கு. என்ன பேசினாரு?”

தோமையாருக்குக் காயத்தைக் காட்டினார், கடற்கரையில் மீன் சுட்டுக் கொடுத்தார் என்று எனக்குத் தெரிந்ததை அடுக்கினேன். அவர் சிரித்தார்.

“அதெல்லாம் ஒரு வாரத்துக்குக் காணுமா? உங்க ஆபீசுல நாற்பது நாள் ரெஜிஸ்தர் காலியா கிடந்தா வெள்ளைக்காரன் உங்கள விட்டுடுவானா?”

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்று வீடு திரும்பியதும் சுவிசேஷங்களை எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் கோயிலில் விசுவாசிகள் தாமாக வேதாகமம் வாசிப்பதைக் குருமார் விரும்பமாட்டார்கள். என்னிடம் இருந்ததோ ஸ்டேஷனில் ஒரு புரோட்டஸ்டாண்டு புத்தக வியாபாரியிடம் வாங்கியது. பழுப்புத் தாளில் அட்டை போட்டு ரயில்வே விதிப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்திருந்தேன். நான்கு பேர் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். டிரெஸ்ஸர் சொன்னது சரி. உலகத்திலேயே குறித்து வைத்திருக்க வேண்டிய நாட்கள் அவை. யாரும் குறிக்கவில்லை. என் மாதிரி ஒருவனுக்கு அது பல்லில் சிக்கிய நார்.

அடுத்த ஞாயிறே கிள்ளான் போனேன். பாசாருக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த டிரெஸ்ஸர் வீட்டில் என்னோடு சேர்த்து நான்கு பேர். அந்த நாட்களில் பேசியது காகிதத்தில் ஏறாமல் ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்கு வந்துகொண்டிருக்கிறது, அதற்கு ஏழு படிகள் உண்டு, ஏழாவது படியில் அந்த வார்த்தைகளே கிடைக்கும் என்றார் டிரெஸ்ஸர். உள்ளே வருகிறவன் சுவிசேஷத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்யவேண்டும்: மனைவிக்கும் சொல்லமாட்டேன், குருவானவருக்கும் சொல்லமாட்டேன். எனக்கு மனைவி இல்லாததால் ‘தங்கைக்கும்’ என்று மாற்றிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதும் பொறுப்பு என்னுடையதாயிற்று. தேதி, கிழமை, வந்தவர் பெயர், பேசிய விஷயம். ஓரத்தில் நான் வேறு நூல்களில் படித்த ஒத்த கருத்துகளையும் குறித்துவைப்பேன். சித்தர் பாடல்களில் இப்படி, பழைய கிரேக்கர் இப்படி, உபநிஷதங்களில் இப்படி என்று. நோட்டு டிரெஸ்ஸரிடமே இருக்கும். கிறிஸ்துமஸ் வருவதற்குள் மூன்றாம் படிக்கு வந்துவிட்டோம். ஞாயிறு பூசை முடிந்ததும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வண்டி பிடிக்க ஓடுவேன். வாரத்தின் மற்ற ஆறு நாட்களும் எனக்கு வெறும் காத்திருப்பு.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று தங்கைக்கு ஒரு வரன் வந்தது. பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. நல்ல பையன். பக்தியுள்ள குடும்பம். அவனை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுத் தங்கை, “மூக்குதான் கொஞ்சம் பெரிசு, பரவாயில்ல” என்றாள். அவள் அப்படிச் சொன்னால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பாஸ்குத் திருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்திய தபசு காலத்தில் கல்யாணம் நடத்தமாட்டார்கள். ஆகவே பாஸ்குத் திருநாள் கழிந்து மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, அதன்பின் கல்யாணம் என்று பேசினோம்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. தபசு காலத்து முதல் வாரம் உபதேசியார் வீடு வீடாக வந்து ஆளுக்கொரு பாஸ்குச் சீட்டுத் தருவார். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை அப்பம் வாங்கும் அன்று அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சீட்டுத் திரும்பி வராத வீட்டுக்குக் கல்யாண ஓலை வாசிக்கமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த உபதேசியார் சீட்டை என் கையில் வைத்து, “தம்பி, போன வருஷம் கடைசி நாள்லதான் கொண்டாந்தீங்க. இந்த வருஷம் கல்யாண வீடு. என்னை அலைய விடாதீங்க” என்றார்.

அவர் படி இறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பாவசங்கீர்த்தனத்தில் கிள்ளான் விஷயத்தைச் சொன்னால் சத்தியம் உடையும். சொல்லாமல் மறைத்து நன்மை வாங்கினால் அது தேவதுரோகம். சின்ன வயதிலிருந்து ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தது. வாங்காமலே இருந்தால் தங்கையின் ஓலை நின்றுபோகும். மூன்று பக்கமும் சுவர். நாலாவது பக்கம் நான் இன்னும் கேட்காத ஏழாம் படி. அதை விட்டுவிடலாம் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

இதற்கு நடுவில் இன்னொன்று. மாப்பிள்ளையின் அம்மா கிள்ளான் பாசாருக்கு வந்தபோது என்னை இரண்டு ஞாயிறு பார்த்திருக்கிறார். இஸ்திரிச் சட்டையும் வாரிய தலையுமாக, தனியாக, ஒரே சந்துக்குள் போயிருக்கிறேன். அந்தப் பேச்சு சுற்றி என் தங்கையிடம் வந்தது. அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, கிள்ளான்ல யாரு?”

“யாருமில்ல.”

“யாருமில்லாததுக்கா வாராவாரம் சட்டைக்குப் பெட்டி போடுறீங்க? நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பந்திங்காரங்க வந்து கேக்குறதுக்கு முன்னால எனக்குச் சொல்லிடுங்க. எந்தச் சாதி, எந்த வேதம், அது மட்டும் போதும்.”

நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவள் எழுந்து போகும்போது, “கட்டிக்கக் கூடாத இடம் போல” என்று தனக்குள் சொல்வதுபோல் எனக்குக் கேட்கச் சொன்னாள். அன்று என் குறிப்பில் ‘மழை இல்லை’ என்று மட்டும்தான் இருக்கிறது.

தபசு காலத்து ஐந்தாம் ஞாயிறு, மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிரெஸ்ஸர் வீட்டுக்குப் போனேன். அவர் மருந்துப் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று சத்தியத்திலிருந்து விடுவியுங்கள், இல்லையென்றால் இன்றைக்கே ஏழாம் படியைச் சொல்லிவிடுங்கள், அதைக் கேட்டுவிட்டால் நான் எந்தத் தண்டனைக்கும் தயார் என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“ஏழாம் படி எனக்குத் தெரியாதுண்ணே.”

“தெரியாதுன்னா?”

“பினாங்குல ஒரு பெரியவரு எனக்கு ரெண்டு படி சொன்னாரு. மூணாவது சொல்றதுக்குள்ள செத்துட்டாரு. மிச்சத்த எங்க போய்த் தேடுறது? நீங்க நோட்டு ஓரத்துல எழுதுவீங்கல்ல, அதத்தான் வாரம் பூரா படிப்பேன். அதுலேருந்துதான் அடுத்த வாரம் பேசினேன்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் முகத்தில் ஏமாற்றியவனின் களை இல்லை. என்னைப் போலவே நார் சிக்கிய முகம்.

“உங்களுக்குள்ள எங்கயோ இருக்கும்னு நெனச்சேன்” என்றார். “அவ்வளவு படிச்சிருக்கீங்களே.”

சத்தியம் என்ன ஆகும் என்று கேட்டேன். “அத நான் எப்படி அவுக்குறது? என்னோடதையே எவனும் அவுக்கலியே” என்றார். நோட்டை என் கையில் கொடுத்து எடுத்துப் போகச் சொன்னார். தன்னிடம் இருந்தால் மறுபடி படிக்கத் தோன்றும் என்றார்.

திரும்பும் வண்டியில் முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு வாரம் நான் ஓரத்தில் பொடி எழுத்தில் கிறுக்கியது, அடுத்த வாரம் பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில், என் கையாலேயே, உபதேசமாக ஏறியிருந்தது. நான்கு மாதம் ரயிலேறிப் போய் என் புத்தக அலமாரி சொல்வதையே கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் நாள், கிழமை, நான்கு பேர் பெயர். இது அந்நியர் கையில் சிக்கினால் நான்கு குடும்பம் கோயிலுக்கு வெளியே நிற்கும். அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தேன்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு தங்கை. எங்கள் பங்குக் குருவான சுவாமியார் பிரெஞ்சுக்காரர், வயதானவர், புதுச்சேரியில் தமிழ் படித்தவர். எனக்கு வரிசை வந்ததும் மரச்சல்லடைக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டேன். பெயர்களை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நாள் வாரியாகச் சொன்னேன். பாவத்தைத் தேதியோடு சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

“நீர் எதைத் தேடினீர்?” என்றார்.

“நாற்பது நாள் அவர் பேசியதை, சுவாமி.”

அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். அந்தச் சத்தியம் செல்லாது, பாவத்துக்கு இட்ட ஆணை ஒருவரையும் கட்டாது என்றார். நோட்டை எரித்துவிட வேண்டும். அங்கே மறுபடி போகக்கூடாது. அதோடு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

“ஒரு வருஷம் ஞானோபதேசமும் ஜெபப் புத்தகமும் தவிர வேறொரு புத்தகமும் நீர் வாசிக்கலாகாது. உமக்கு இருப்பது பசியல்ல, ருசி. சம்மதமா?”

எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். பெண்கள் வரிசையில் தங்கையின் பாதங்கள் தெரிந்தன. ஒன்றின்மேல் ஒன்றை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். சம்மதம் என்றேன். ஒரு வாக்கைக் கழற்றி வைத்த இடத்திலேயே இன்னொன்றை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்குப் போனதும் நோட்டைக் கிழித்து அடுப்பில் வைத்தேன். தங்கை பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் அவ கடுதாசியா?”

சத்தியம்தான் செல்லாதே. சொல்லலாம். சாப்பாட்டு நேரத்தில் அவளை எதிரில் உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன், மற்றவர்களின் பெயர்களை மட்டும் விட்டுவிட்டு. அவள் கவனமாகக் கேட்டாள். முடிந்ததும் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றி, “சரிண்ணே, அப்படியே வச்சுக்குவோம். இனிமே அத நெனச்சு வருத்தப்படாதீங்க” என்றாள். பந்திங்காரர்களுக்கும் ஏதோ நல்லவிதமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் இரக்கத்தோடு பார்த்தார். நான் அந்த இரக்கத்தையும் ஏற்றுக்கொண்டேன்.

பாஸ்கு அன்று நன்மை வாங்கிச் சீட்டைக் கொடுத்தேன். உபதேசியார் அதை நெற்றியில் தொட்டு வைத்துக்கொண்டார். மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாருமில்லை.

புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டியாயிற்று. வேலை முடிந்து வந்தால் விளக்கு இருக்கும், நாற்காலி இருக்கும், மேஜைமேல் ஜெபப் புத்தகம் இருக்கும். முதல் வாரம் அதை வாசித்தேன். இரண்டாம் வாரம், ஒரே ஜெபம் இரண்டு பக்கத்தில் ஒரு சொல் வித்தியாசத்தோடு வருவதைக் கவனித்தேன். ஏன் என்று யோசித்தேன். மூன்றாம் வாரம் பிரார்த்தனைகளில் உள்ள சொற்களை எண்ண ஆரம்பித்திருந்தேன். ஒரு பென்சில் புள்ளிகூட வைக்கவில்லை. மனதுக்குள்ளேயே ஒரு பட்டியல் ஏறிக்கொண்டிருந்தது. சுவாமியார் அனுமதித்த புத்தகம்தான். அனுமதித்த நேரம்தான். அவர் எதைப் பூட்டினாரோ அது நான் கையில் வைத்திருந்த ஒரே புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கல்யாணத்துக்கு முந்திய நாள் மறுபடி அந்தச் சல்லடைக்கு முன்னால் முழங்காலிட்டேன். கோபப்பட்டது, பூசைக்குப் பிந்திப் போனது, ஒரு சிப்பந்தியைத் திட்டியது எல்லாம் சொன்னேன். “வேறே?” என்றார். ஜெபப் புத்தகம் வாசிப்பதைப் பாவமென்று எப்படிச் சொல்வது? சொன்னால் அதையும் எடுத்துவிடுவார். அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது?

“வேறே ஒன்றுமில்லை, சுவாமி.”

மறுநாள் காலை தங்கையைப் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். பட்டுப் புடவையில் அவள் கை சில்லென்று இருந்தது. பெரிய மூக்குக்காரன் வேர்த்துக்கொண்டிருந்தான். சுவாமியார் லத்தீனில் வாசிக்கத் தொடங்கினார். நான் சொற்களை எண்ணத் தொடங்கினேன். நன்மை வாங்க நாக்கை நீட்டியபோதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.