கதவு திறந்தால் ஏறும் கோடு

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் அக்கம்பக்கத்தார் கவலைப்படுவார்கள். வந்த முதல் வருடம், மிளகாய் தாளித்த நெடி போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டு அம்மையார் வந்து, ஏதாவது பழுதா என்று கேட்டார். காற்று வேண்டும் என்றேன். காற்றுதான் வருகிறதே என்று மேலே இருந்த ‘லூஃப்டுங்’ என்ற காற்றோட்டத் துளையைக் காட்டியவர், எனக்கு மூச்சுத் திணறுகிறது என்று நினைத்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றார்.

இப்போது என் பிழைப்பே வீடுகளில் காற்றை அடைப்பதுதான். புது வீட்டு வாசலில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, எந்த இடுக்கில் காற்று கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். கசியாத வீட்டுக்குக் கொஞ்சம் மின்சாரமே போதும். அந்தத் திமிரில்தான் எங்கள் ஊர் புதுச்சத்திரத்தில் அம்மாவுக்கு வீடு கட்டினேன். அப்பா போனபிறகு அம்மா தகரக் கூரைக்கு அடியில் தனியாக வெந்துகொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. கூரைக்கு வெப்பத்தடுப்பு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், புழுதியை வடிகட்டிக் காற்றைத் தரும் மெஷின், மாடியில் சோலார் என்று ஒன்றையும் விடவில்லை. உள்ளே எவ்வளவு சூடு என்பது என் கைப்பேசியில் ஒரு கோடாக ஓடும். சித்திரை வெயிலிலும் அது நேராகப் போவதைப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

கொஞ்ச நாளில் கோடு தினமும் ஏற ஆரம்பித்தது. இங்கே மதியச் சாப்பாடு முடியும் நேரம், அங்கே விளக்கு வைக்கும் நேரம். மெஷின் பழுது என்று ஆள் அனுப்பினேன். பழுதில்லை, அம்மா வாசல் கதவை விரியத் திறந்து வைத்திருக்கிறார் என்றார் அவர். அம்மாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

“பொழுது எறங்குறப்பக் கதவச் சாத்துனா ஊடு வெளங்குமா சாமி? பக்கத்து ஊட்டுச் சரசு வாசல்ல நின்னு கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டுப் போயிட்டா. உள்ள ஒண்ணுங் கேக்கல. புது ஊடு கட்டுனதும் எனக்குக் காது போயிருச்சுன்னு சொல்லிட்டுத் திரியறா.”

பெல் இருக்கிறதே என்றேன்.

“பெல்லடிக்க அவ என்ன கூரியர்காரியா?”

எங்கள் பக்கத்தில் கேட்டுக்கு வெளியே நின்று ‘ஏனுங்க, ஊட்ல ஆருங்க?’ என்று குரல் கொடுப்பதுதான் வழக்கம். எனக்கா அது தெரியாது? இருந்தும் காற்றுக்குப் போட்ட கணக்கில் குரலைச் சேர்க்க மறந்துவிட்டேன். மறந்ததை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. கதவைச் சாத்தியே வைக்கச் சொன்னேன். அம்மா சாத்தினார். கோடு மறுபடி நேரானது. நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஒரு நாள், இங்கே மதியம், அங்கே சாயங்காலம், அம்மா போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. கோடு மட்டும் ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தது.  சரசுவைக் கூப்பிட்டேன்.

“மத்தியானமே கூப்புட்டுப் பாத்தேன் தம்பி. சத்தத்தையே காணோம். சரி, தூங்கறாங்களாட்டம் இருக்குதுன்னு வந்துட்டேன்.”

கேட்டைத் தாண்டிப் போய்ப் பெல்லை அடி, கதவை இடி என்று கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டு ஓடினாள். என்னால் செய்ய முடிந்தது கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான். எவ்வளவு நேரமோ தெரியவில்லை, அது மெதுவாக ஏறியது. கதவு திறந்துவிட்டது. திறந்தது அம்மாவா, சரசு பூட்டை உடைத்தாளா என்று கோடு சொல்லாது.

பிறகு அம்மாவே கூப்பிட்டார். லேசான காய்ச்சலாம், மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாராம், உள்ளே சில்லென்று இருக்கவும் நன்றாகத் தூங்கிவிட்டாராம். “உன்ற ஊடு தூங்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது சாமி” என்றார். பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை விளங்கவில்லை. கதவைத் திறந்தே வையுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இன்றும் ஒரு புது வீட்டு வாசலில் நிற்கிறேன். ஒரு கையில் இருக்கும் அளவுகருவியின் முள் அசையாமல் நின்றால்தான் இந்த வீடு தேறும். இன்னொரு கையில் கைப்பேசி. புதுச்சத்திரத்தில் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது, கோடு இன்னும் ஏறவில்லை.