இசக்கி ரீச்டு

போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். வலது கண்ணில் புரை. மறுநாள் ஆபரேஷன். கையில் டோக்கன், மனசில் படபடப்பு. கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கூப்பிட்டாள் – "மிஸஸ் ரிஸ்கி... மிஸஸ் ரிஸ்கி இருக்கீங்களா?"

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் 'நான்தான் ரிஸ்கி' என்று எழுந்து நிற்க யாருக்குத் தைரியம் வரும்? திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகுதான் அது நான் என்று எனக்கே உறைத்தது.

இசக்கி. வாராவாரம் இந்தப் பக்கத்தின் தலையில் நீங்கள் பார்க்கிற பெயர்தான். யாரோ ஆங்கிலத்தில் தப்பாகத் தட்டியிருக்கிறார்கள், கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த வார்த்தையாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் குறை சொல்லி என்ன செய்ய? கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்னாலேயே மனிதர்கள் என் பெயரை இப்படிப் படுத்தியிருக்கிறார்கள்.

ஐம்பதுகளில் தென்காசியில் படித்தேன். ஆறாவது வகுப்பில்தான் எங்களுக்கு இங்கிலீஷ் ஆரம்பம். டீச்சர் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவி, ஒரு சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"திஸ் இஸ் எ கீ. எங்க, எல்லாரும் சொல்லுங்க."

"திஸ் இசக்கி."

சொல்லிவிட்டு வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்கு அதுவே விளையாட்டு. எந்தப் பெயருக்கு எந்த இங்கிலீஷ் வார்த்தை? பேச்சிக்கு 'பீச்' – அது என்ன பழம் என்று யாருக்கும் தெரியாது. கோமதி வாயைத் திறந்தாலே "கோ... கோ" என்று விரட்டுவோம். மாடத்தியை 'மேட்' – அதாவது பைத்தியம் – ஆக்கி, அவள் அழுது, அவள் அண்ணன் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டான். முப்பிடாதிக்கு மட்டும் இங்கிலீஷில் ஜோடி கிடைக்கவில்லை. அவள் கொடுத்து வைத்தவள்.

எனக்குத்தான் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஹஸ்கி, டஸ்க்கி... டிக்‌ஷனரியில் பாதி எனக்காகவே அச்சடித்தது போல.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் போனேன். ஹையரில் ஃபர்ஸ்ட் கிளாஸ். அப்பா குற்றாலத்தில் ஒரு பங்களாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்களாவுக்குச் சொந்தக்காரர் மெட்ராஸில் கம்பெனி வைத்திருந்த முதலாளி. அவர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை காலி என்று அப்பாவுக்குத் தெரிய வந்தது. மனுப் போடலாம் என்று முடிவானதும் டைப்ரைட்டிங் மாஸ்டர் சொன்னார் – "மெட்ராஸ்ல போயி இசக்கின்னு சொன்னா சிரிப்பாவ. சின்னதா, ஸ்டைலா ஒரு பேரு போட்டுக்கோ."

எனக்கு அவ்வளவு போதும். உஷா என்று போட்டேன். வேலையும் கிடைத்தது.

அப்பாவிடம் மறைக்கவில்லை. அவர் கேட்டுவிட்டு, வேட்டியை ஒரு தடவை உதறிக் கட்டிக்கொண்டார்.

"உஷாவா... எவ அவ?"

"நான்தாம்ப்பா."

"கொலசாமி பேரு ஒனக்குப் பாரமாப் போச்சு. சரி, ஒன் இஷ்டம். ஆனா என் வாயில இசக்கின்னுதான் வரும், சொல்லிட்டேன்."

அது அறுபதுகளின் தொடக்கம். நல்ல சீசன். சுரண்டையில் அத்தை வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்த நான், பஸ் ஏறி நேராகக் குற்றாலம் வந்து இறங்கினேன். சீசனில் அப்பா பங்களாப் பின்கட்டிலேயே தங்கிக்கொள்வார். அம்மா தென்காசி வீட்டில் எனக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, மெட்ராஸ் ரயில்.

எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பெட்டியைத் திறப்பேன், மூடுவேன். வாசலுக்குப் போவேன், திரும்புவேன். நாளைக்கு இந்நேரம் நான் உஷா அல்லவா?

பெண் ஊரிலிருந்து வந்ததும் எந்த ரயில் என்று தகவல் சொல்லுங்கள், எழும்பூருக்கு ஆள் அனுப்புகிறேன் என்று அந்தக் கம்பெனி மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார். பங்களாவில் போன் கிடையாது. அப்பா தபாலாபீசுக்குப் போய் ட்ரங்க் கால் போட்டார். நானும் கூடப் போனேன். மேனேஜர் மலையாளி, இங்கிலீஷில்தான் பேசுவார். அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பங்களாவுக்கு வந்து போன துரைமாரிடம் கேட்டுப் பிடித்தது. அன்று லைன் வேறு சரியில்லை.

"சார்... இசக்கி ரீச்டு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அப்பா இன்னும் உரக்க –

"இசக்கி சார், இசக்கி! ரீச்டு. பங்களா. வெரி சேஃப். ஃபிரைடே டிரெயின் சென்டிங்."

மறுபடி ஏதோ கேள்வி. அப்பா என்னைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார் – "ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். வெரி ஸ்பீட்."

லைன் அறுந்துவிட்டது. வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். வரிசையின் கடைசியில் சாதா வேட்டி சட்டையில், குடையை ஊன்றிக்கொண்டு நின்ற ஓர் ஆள் மட்டும் சிரிக்கவில்லை. எங்களுக்குப் பின்னாலேயே அவரும் நடந்து வந்தார். குற்றாலத்தில் எல்லோரும் நடக்கத்தானே செய்கிறார்கள்... நாங்கள் கவனிக்கவில்லை.

அவர் மதுவிலக்குப் போலீஸ் ஏட்டு. இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் – அப்போது ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. பெர்மிட் இல்லாமல் ஒரு பாட்டில் வைத்திருந்தால் ஜெயில். தபாலாபீசில் நின்று ஒருத்தர் 'விஸ்கி ரீச்டு, பங்களாவில் சேஃப், ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்று கத்தினால் எந்தப் போலீஸ்காரர் சும்மா இருப்பார்?

மத்தியானத்துக்குள் ஜீப் வந்துவிட்டது. எஸ்.ஐ. இளவயசுக்காரர், 'வந்த விஸ்கி எங்க?' என்றுதான் ஆரம்பித்தார். அப்பா விஷயத்தைப் புரிந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"சார், அது எம் மக பேரு. இன்னா நிக்கிதா பாருங்க. இசக்கி."

ஏட்டுக்கும் முகம் தளர்ந்தது. எஸ்.ஐ.கூட லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "வந்தது வந்தாச்சு, ஒரு தடவை பாத்துட்டுப் போயிருதோம்" என்றார். அப்பா தயங்காமல் எல்லாக் கதவையும் திறந்து விட்டார்.

ஸ்டோர் ரூமில், விறகு அடுக்குக்குப் பின்னால், ஒரு பழைய சேலையில் சுற்றி விஸ்கிப் பாட்டில்கள் இருந்தன.

அப்பாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனதை நான் பார்த்தேன். அதைப் பார்த்திருக்க வேண்டாம்.

பங்களாவில் அந்த வாரம் ஒரே ஒரு குடும்பம்தான் தங்கியிருந்தது. முதலாளியின் சிநேகிதர், மதுரைப் பக்கத்துக் கான்ட்ராக்டர், அவர் மனைவி. அருவிக்குப் போயிருந்தவர்கள் ஈரத் தலையோடு வந்து இறங்கினார்கள். எஸ்.ஐ. விசாரித்தார். கான்ட்ராக்டர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"ஸ்டோர் ரூம் சாவி இவருகிட்டல்ல இருக்கு? எங்களுக்கு என்னங்க தெரியும்?"

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். என்னை வரச் சொல்லவில்லை, நானாகப் போனேன். என் பெயர் உண்மையிலேயே இசக்கிதான் என்று பங்களாவுக்குப் பக்கத்துப் பழக்கடை அண்ணாச்சி வந்து சாட்சி சொன்னார். எஸ்.ஐ. அதை நம்பினார். ஆனால் அவர் கேள்வி வேறு.

"பேரு இசக்கியாவே இருக்கட்டும். அதையே ரகசிய வார்த்தையா வச்சுப் பேசலைன்னு எப்படி நம்ப? மெட்ராஸ்ல கேப்போம். இசக்கின்னு ஒரு பிள்ளை வேலைக்கு வருதான்னு சொல்லட்டும், விட்டுருதேன்."

அப்பா நிம்மதியாகத் தலையாட்டினார். "கேளுங்க சார். தாராளமாக் கேளுங்க."

மெட்ராஸில் யாருக்கு இசக்கியைத் தெரியும்?

அப்பாவுக்கு அது நினைவே இல்லை. அவர் மனசில் உஷா என்று ஒருத்தி இருந்ததே இல்லையே! நான் குனிந்து காதில் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ம்" என்றார், அவ்வளவுதான்.

ட்ரங்க் கால் என்றால் இன்று போலவா? புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெளியே சாரல். ரோட்டில் ஜனங்கள் எண்ணெய்த் தலையோடு அருவிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். தெரிந்த முகம் வந்தால் தூணுக்குப் பின்னால் போவேன். போன் பக்கம் போவேன். வாசலுக்கு வருவேன். ரயிலை நினைப்பேன், அப்பாவைப் பார்ப்பேன், ரயிலை நினைத்ததற்காக என் மேலேயே எரிச்சல் வரும்.

"ஏட்டி, ஒரு எடத்துல உக்காரு. எனக்குத் தல சுத்துது" என்றார் ஏட்டு.

கடைசியில் மணி அடித்தது. எஸ்.ஐ. எழுந்து இங்கிலீஷில் பேசினார். மேனேஜரின் குரல் எங்களுக்கே கேட்டது.

"விஸ்கி? நோ, நோ! எங்களுடையது மரியாதையான கம்பெனி!"

"விஸ்கி இல்லை சார். இசக்கி. ஒரு பெண்."

"அப்படி யாரும் இல்லை. ஒரு டைப்பிஸ்ட் வருகிறாள். மிஸ் உஷா."

எஸ்.ஐ. போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"உஷா யாரு?"

"நான்தான் சார்" என்றேன்.

"அப்ப இசக்கி?"

"அதுவும் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. இன்றைக்கு இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்று எஸ்.ஐ.யின் மேஜை முன்னால் போய் நின்றேன். மாஸ்டர் சொன்னது, மனுப் போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

"ஒரு ஆளுக்கு எதுக்கும்மா ரெண்டு பேரு? இத்தனை வருஷத்துல ரெண்டு பேரு வச்சிருக்கவனெல்லாம் கேடியாத்தான் பாத்திருக்கேன்" என்றார் ஏட்டு.

அப்போது அப்பா எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப அமைதியாக –

"சார், பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிருங்க. அது நாளைக்கு ரயிலுக்குப் போணும். பாட்டிலு என்னதுன்னே எழுதிக்கிடுங்க."

"எப்பா, என்ன சொல்லுதிய நீங்க?"

"நீ சும்மா இருட்டி."

எஸ்.ஐ. பேனாவை எடுத்தார், ஆனால் எழுதவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. கான்ட்ராக்டரின் மனைவி தனியாக இறங்கினார். தலைமுடி இன்னும் காயவில்லை. உள்ளே வந்து, யார் கேட்பதற்கும் காத்திராமல் பேசினார்.

"அந்தப் பாட்டிலு எங்களுது. சுத்தியிருக்கிற சேலை என்னோடது. அவுகதான் காலையில ஆளில்லாத நேரம் பாத்து, ரூமு பூட்டாமக் கெடக்கவும் அங்க வச்சாக. இந்த மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியாது."

"ஒங்க வீட்டுக்காரருக்கு நீங்க இங்கன வந்தது தெரியுமாம்மா?" என்றார் எஸ்.ஐ.

"தூங்குறாக."

பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார் – "சோத்துல கை வச்சேன். எறங்கல."

எங்களை விட்டுவிட்டார்கள். ஜீப் மறுபடி பங்களாவுக்குப் போனது. கான்ட்ராக்டர் கோர்ட்டில் அபராதம் கட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. மறுநாள் நான் ரயிலேறவில்லை. காலையிலேயே தந்தி வந்துவிட்டது – வேலைக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது என்று. சிநேகிதர் அவமானப்பட்டதை முதலாளியால் தாங்க முடியவில்லை. சீசன் முடிவதற்குள் அப்பாவிடமிருந்து பங்களாச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். அப்பா வடகரையில் ஓர் அரிசி மில்லில் கணக்குப் பார்க்கப் போனார். ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டிப் பேசியதில்லை. நான்தான் வீட்டுக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். உஷாவாகிறேன் என்று கிளம்பி, இரண்டு பெயரும் இல்லாமல் நிற்கிற மாதிரி ஒரு தவிப்பு.

சில மாதம் கழித்துத் தென்காசியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் தேவை என்றார்கள். போனேன். வக்கீல் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பெயர் கேட்டார். நான் மூச்சு விடாமல் சொன்னேன் – "இசக்கி சார். இசக்கி மட்டும்தான். வேற பேரு கிடையாது."

அவர் ஒரு நிமிஷம் குழம்பிப்போய், "ஒண்ணு போதும்மா" என்றார்.

அங்கிருந்துதான் என் எழுத்து, பத்திரிகை எல்லாம். அப்பா கடைசி வரை அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

"அந்தம்மா பேரு என்னட்டி?"

ஒரு பெயருக்காக அந்தப் பாடுபட்ட எங்கள் இரண்டு பேருக்கும் அன்று அதைக் கேட்கத் தோன்றவில்லை.