வெளி ஆளுக்கு விற்ற முதல் பெட்டி

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு மைக் செட் கடை. வாடகைக்கு விடுகிற ஆம்ப்ளிபயர் பெட்டிகளை என் வீட்டுக்காரரே செய்வார். உள்ளே வைக்கிற டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றுவது நான். ஒன்றுபோல் இன்னொன்று, எல்லாம் ஒரே அச்சு. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், இதையே மொத்தமாகச் செய்து மற்ற மைக் செட்காரர்களுக்கும் விற்கப்போவதாகச் சொன்னார்.

“போட்டிக்காரனுக்கு நாமளே செஞ்சு குடுக்கணுமாக்கும்? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?”

“நாம குடுக்காட்டி மதுரையில வாங்கத்தான் போறாக.”

பேச்சு அதோடு முடிந்தது. முன்னறை முழுக்கப் பெட்டிகள் ஏறின, உட்கார இடமில்லை. முதல் பெட்டி நன்றாகப் பாடினால் மற்றவை போகும். இல்லையென்றால் கடையையே இழுத்து மூட வேண்டியதுதான். கையிலிருந்ததை எல்லாம் அதில்தான் போட்டிருந்தார்.

முதல் பெட்டியை வாங்கியவர் நரிக்குடியில் மைக் செட் வைத்திருந்தவர். ஒரு காதுகுத்துக்கு அதைக் கட்டுகிறார் என்று நாங்களும் போனோம். எனக்கு நம்பிக்கையில்லை. மஞ்சள் பையில் ஒரு டிரான்ஸ்பார்மரையும் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் பாட்டுச் சத்தமே இல்லை. பந்தலில் கருகல் நாற்றம். திருச்சுழிப் பக்கத்து மைக் செட்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டுகிறேன் என்று நரிக்குடிக்காரர் குழாய் ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமலே சுவிட்சைத் தட்டி, சத்தத்தையும் கூட்டியிருக்கிறார். அப்படிச் செய்தால் டிரான்ஸ்பார்மர் வெந்துவிடும். எங்கள் கடையில் குழாயை மாட்டாமல் யாரும் சுவிட்சில் கை வைக்கமாட்டார்கள். அது எங்களுக்குக் கைப்பழக்கம். வெளி ஆளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

“என்ன அண்ணாச்சி, சபையில என் மானத்த வாங்கிட்டீகளே!” என்று என் வீட்டுக்காரரிடம் கத்தினார் நரிக்குடிக்காரர்.

“சுவிட்சுன்னு ஒண்ணு இருந்தாத் தட்டிருவீகளோ?” என்று நானும் விட்டேன்.

“நீ சும்மா இரு” என்று என்னை அதட்டிவிட்டு, என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்தார். நான் பையிலிருந்ததை நீட்டினேன். ஈயம் பற்றவைக்கிற இரும்பு சூடேற மாட்டேன் என்றது. தாய்மாமன் மடியில் பிள்ளை வீறிட்டது. “பாட்டு இல்லாமக் காது குத்துறதா? நல்ல நேரம் போகுதுய்யா!” என்று பெரியவர்கள் நெருக்கினார்கள். ஒருவழியாக இரும்பு சூடேறி, என் வீட்டுக்காரர் ஒயர்களைப் பற்றவைத்தார். கடவுளே, பொருந்தித் தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

பொருந்தியது. குழாய் பாட ஆரம்பித்ததும் பந்தலே கலகலத்தது. முதல் பாட்டு முடிந்தால் மைக்கில் கடைப் பேரைச் சொல்வது எங்கள் தொழில் வழக்கம். நரிக்குடிக்காரர் மைக்கைப் பிடித்துத் தன் கடைப் பேரை இரண்டு தரம் சொன்னார். எங்கள் பேரைப் பற்றி மூச்சுவிடவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே!

“ஏங்க, பொட்டி நம்மளுதுங்க!”

“வித்தாச்சுல்ல.”

திரும்பும்போது திருச்சுழிக்காரர்களில் ஒருவர் பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே வந்தார்.

“அண்ணாச்சி, எனக்கு ரெண்டு பொட்டி வேணும். ஆனா ஒங்ககிட்ட வாங்குனேன்னு வெளிய தெரியப்படாது. எங்க ஊருல நானே செஞ்சதாத்தான் சொல்லுவேன்.”

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “சரிங்க” என்றார். கடை பிழைத்துவிட்டது. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன்.