காட்டு வாசலில் ஒரு கொப்பு

தம்பி பிறந்த கிழமை, என் வாயை வீட்டில் யாராலும் தாங்க முடியாது என்று வாப்பா என்னையும் தவளத்தோடு கூட்டிப் போனார். தவளம் என்றால் பொதிமாட்டுக் கூட்டம். எங்கள் ஊர் அலவத்துகொடயிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு தும்பறை மலைப்பக்கம் போவார். அங்கே பெருங்காட்டில் இருந்த வேடர் குடும்பம் ஒன்று தேன் தந்து உப்பு வாங்கும். கோப்பித் தோட்டங்கள் அப்போதே அந்தக் காட்டின் விளிம்புவரை ஏறி வந்துவிட்டன.

அன்று நிலம் அளக்கும் துரை ஒருவர் சங்கிலியோடு அங்கே நின்றார். சொந்தக்காரன் இல்லாத காடென்றால் அரசாங்கம் எடுத்துத் தோட்டக்காரர்களுக்கு விற்கும். துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும், சிங்களம் தெரியாது. வேடர் குடும்பத்துப் பெரியவருக்குச் சிங்களம் தெரியும், தமிழ் தெரியாது. நடுவில் வாப்பா. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வேடர் ஒவ்வொரு மரமாகக் காட்டினார். இதில் அப்பன் தேன் எடுத்தான், அதில் பாட்டன் எடுத்தான், எல்லாம் எங்களுடையது என்றார். வாப்பா சொல்லச் சொல்லத் துரை எழுதிக்கொண்டார். அதோடு முடிந்திருக்கும். என் வாய் சும்மா இருந்தால்தானே?

"வாப்பா, இந்த மரத்தில ஏன் கொப்ப ஒடிச்சித் தொங்கவிட்டீக்கி?"

நான் கேட்டது தமிழில். துரையும் நிமிர்ந்து பார்த்தார். வாப்பா வேடரிடம் விசாரித்துவிட்டுச் சொன்னார்.

"இப்படிக் கொப்பத் தொங்கவிட்டு, காட்டுத் தெய்வத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் உள்ளுக்குப் போற எண்டு செல்றாரு, தொர."

துரை சிரித்துவிட்டார். "அப்போ காடு அவன் சொந்தம் இல்லே. சொந்தக்காரன் எங்கயாவது கேட்டு உள்ளே போறானா?"

எழுதியதை அடித்துவிட்டு, அரசாங்கக் காடு என்று எழுதினார். வாப்பா அதையும் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னார். வேடருக்கு விளங்கவில்லை. மறுபடி முதல் மரத்திலிருந்து காட்டத் தொடங்கினார். துரையின் ஆட்கள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த முறை வாப்பா போனபோது அந்தச் சரிவு வெட்டி எரிக்கப்பட்டுக் கரியாகக் கிடந்ததாம். அந்தக் குடும்பம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான் என்பதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

ஆனால் துரையைக் கண்ட அந்தப் பயணம் முடிந்து வீடு வந்தபோது எனக்கு ஒரு கவலையும் இல்லை. உம்மாவைப் பார்க்க வந்த பெண்கள் உள்ளே இருந்தார்கள். வாப்பா தன் கையால் கட்டிய வீட்டின் வாசலில் நின்று சலாம் சொன்னார். "உள்ளுக்கு வரவா?" என்று கேட்டார். பதில் வந்த பிறகுதான் படியேறினார். நான் கால் கழுவிக்கொண்டு பின்னாலேயே போனேன்.