ட்ரெட்மில் சாவி

எங்கள் வீட்டு ஹாலில் சோபா இருந்த இடத்துக்கு ஒருநாள் ட்ரெட்மில் வந்தது. சோபா படுக்கையறைக்குள் போய், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே யாரும் உட்கார முடியாதபடி செருகிக்கொண்டது. பட்டாபிராமில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில், இரண்டாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு ஹாலுமாக இருந்த வீடு. அதற்கு ஒரு ஜிம் தேவைப்படும் என்று எங்கள் வீட்டில் யாரும் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் மட்டும் பெருமை தாங்காமல் மறுநாள் ஸ்கூல் வேனில் ஏறிய உடனே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த ஜிம் அம்மாவுக்காக. ஏன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று பெரியவர்கள் கூடி முடிவெடுக்கிறார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மாமாவின் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். குடிப்பழக்கம் கிடையாது. எப்போதோ வந்த மஞ்சள் காமாலை உள்ளேயே தங்கி அரித்துவிட்டது. இருந்தாலும் தெருவில் பாதிப்பேர் குடித்துக் கெட்டவன் என்றுதான் பேசினார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் சேக்காட்டில் தனியாக இருந்தவரை, அம்மா எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இன்னொருவர் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். அப்பாவின் ரத்தம் சேரவில்லை. அம்மாவுடையது சேர்ந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அம்மாவின் கல்லீரலில் கொழுப்பு படிந்து கிடந்தது. உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் அதிலிருந்து எடுக்க முடியும், சீக்கிரம் குறையுங்கள், அவரால் ரொம்ப நாள் காத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

தன் உடம்பில் ஒரு துண்டைத் தம்பிக்குக் கொடுப்பதற்கு அம்மா தகுதி பெற வேண்டியிருந்தது. என்னிடம் சொன்னதெல்லாம், அம்மா ஒல்லியாகப் போகிறாள் என்பதுதான்.

ட்ரெட்மில் அம்பத்தூரில் ஒரு ஃப்ளாட்டிலிருந்து வந்தது. வெளிநாடு போகிற ஒரு ஐ.டி. குடும்பம் அதை விற்றது. அதில் அவர்கள் துணிதான் காயப்போட்டிருக்க வேண்டும், கைப்பிடியில் ஒரு கிளிப் அப்படியே இருந்தது. குட்டி யானை வேனில் ஏற்றி வந்து, நான்கு பேர் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கினார்கள். மாமா படியில் உட்கார்ந்தபடியே எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரால் அப்போது ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க முடியாது.

முதல் நாள் அதைப் போட்டவுடன் வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. மாமா மெயின் போர்டிலிருந்து அதற்கென்று தனியாக ஒரு லைன் இழுத்தார். ஸ்டூலில் ஏறியது அப்பா, எந்த ஒயரை எங்கே என்று கீழேயிருந்து சொன்னது மாமா. தொம் தொம் என்று சத்தம் கேட்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் வந்து நின்றபோது, கம்பெனி சிநேகிதர் ஒருவரிடம் சொல்லிப் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை வரவழைத்து, மெஷினுக்கு அடியில் அளவாக வெட்டிப் போட்டார். கதவு நிலைக்கு மேலே ஒரு கப்பி மாட்டி, கயிறு கோத்து, கையை இழுத்துப் பயிற்சி செய்ய ஏற்பாடு செய்தார். அதே சிநேகிதர் இரும்புக் கம்பியில் இரண்டு டம்பெல் லேத்தில் கடைந்து கொண்டுவந்து கொடுத்தார். பிடிக்கிற இடம் வழுக்காமல் சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்று மாமா காகிதத்தில் வரைந்தே அனுப்பியிருந்தார். பழைய பீரோவின் கண்ணாடியைக் கழற்றி மெஷினுக்கு எதிரே சுவரில் சாய்த்து வைத்தார்கள். இவ்வளவு சிரத்தையாக அமைத்த ஒரு ஜிம்மை நான் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை.

அந்தக் கண்ணாடிக்கு எதிரே, நைட்டிக்கு மேல் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு அம்மா நடக்க ஆரம்பித்தாள். ரயில்வே ஸ்டேஷனுக்கே ஷேர் ஆட்டோவில் போகிறவள் அம்மா. சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுகிறவளும்கூட. அவள் தட்டில் சோறு குறைந்து குறைந்து, வெள்ளரிக்காயும் சுண்டலும் மட்டும் மிச்சமாயின. எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "இன்னா, இந்த வயசுல ஈரோயினி ஆவப் போறியா?" என்று கேட்டார். "ஆமா, சான்ஸ் வந்துகினே கீது" என்று அம்மா சிரித்துவிட்டு வேகத்தை ஒரு படி கூட்டினாள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். மாமாவின் கையும் காலும் குச்சியாக இருந்தன, வயிறு மட்டும் பானைபோல உப்பியிருந்தது. வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தொப்பை அவருக்கு இருக்க, அம்மா எதற்கு நடக்கிறாள்? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மாமா, தொப்பை உங்களுக்குத்தான கீது? நீங்க நடங்க. அம்மா பாவம்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைத் தட்டிக்கொண்டு, "நான் ஏறுனா மிஷின் தாங்காது பாப்பா" என்று சிரித்தார். அம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் கொட்டிக்கொண்டே இருந்தது.

அந்த மெஷினுக்கு ஒரு சாவி உண்டு. கதவுச் சாவி மாதிரி இருக்காது. சிவப்பு பிளாஸ்டிக்கில் வட்டமாக, உள்ளே காந்தம் வைத்தது. அதை மெஷினில் ஒட்டினால்தான் பெல்ட் ஓடும். அதிலிருந்து ஒரு கயிறும், கயிற்றின் முனையில் ஒரு கிளிப்பும் உண்டு. கிளிப்பை நடக்கிறவர் உடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாமாவுக்கு அந்த ஏற்பாட்டில் தனி மதிப்பு. "ஆளு உயுந்தா கயிறு இஸ்துக்கும், மிஷின் நின்னுரும், பாத்தியா பாப்பா? யோசிச்சி செஞ்சிகிறான்" என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

ஒருநாள் நான் ஸ்கூலிலிருந்து வந்ததும் மாமா என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கையை விரித்தார். உள்ளங்கையில் அந்தச் சாவி இருந்தது.

"ஒரு ஆட்டம் ஆடலாமா? இத்த நீ ஒளிச்சி வெச்சிக்க. உங்கம்மா கையில கெடச்சா நான் தோத்தேன். கெடைக்கலன்னா நான் ஜெயிச்சேன். யாராண்டயும் சொல்லக் கூடாது, இன்னா?"

மாமாவின் சேட்டைகள் எனக்குப் புதிதல்ல. உடம்பு நன்றாக இருந்த காலத்தில், ஒரு இரும்புக் குழாய்க்குள் சாக்லேட்டைப் போட்டு, இரண்டு பக்கமும் மூடியைத் திருகிக் கொடுத்து, முடிந்தால் எடுத்துக்கொள் என்று சொன்னவர் அவர். நான் சாவியை என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன். அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். மெத்தையைத் தூக்கினாள், குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

அம்மா கடைசியில் தேடுவதை விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். எங்கள் வீட்டுக்கு மேலேதான் மொட்டை மாடி. சாயங்காலமாகியும் தரை கொதித்துக்கொண்டிருக்கும். மறுநாளும் போனாள். அவள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கிற சத்தம் மாமாவின் அறையில் நன்றாகக் கேட்டது. மாமா மல்லாந்து படுத்துக்கொண்டு மேல்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாம்தான் ஜெயிக்கிறோம் என்று அவர் காதில் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தால் போதும், மெஷின் தானாகக் கெட்டுப்போனது என்று எல்லோரும் நம்பியிருப்போம். அவரைத் தவிர அதைப் பிரித்துப் பார்க்க வீட்டில் ஆளும் இல்லை. ஆனால் ஓடுகிற மெஷினைக் கெடுக்க மாமாவுக்குக் கை வராது. அதனால்தான் சாவியை எடுத்தார்.

என் பென்சிலைச் சீவித் தர அம்மா பாக்ஸைத் திறந்தபோது அகப்பட்டுவிட்டது. சாவியின் காந்தத்தில் காம்பஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மாமாவின் அறைக்குப் போனாள். கதவு சாத்தவில்லை.

"இன்னாடா வேல இது?"

"சும்மா வெளாட்டுக்குதான்க்கா."

"வெயில்ல நடந்து நடந்து காலெல்லாம் கொப்புளம். உனக்கு வெளாட்டா கீதா?"

மாமா சொன்னார்: "வேணாங்க்கா. என்னை இப்டியே உட்ரு. உன்ன அறுத்து நான் பொயச்சி இன்னா ஆவப்போவுது? உனக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா பாப்பாவுக்கு யாரு கீறாங்க?"

"ஒடம்பு என்னுது. தம்பி என்னுது. நடுவுல நீ யார்ரா?" என்றாள் அம்மா.

இருவரும் அழுதார்கள். ஒரு சாவியை ஒளித்து வைத்ததற்கா இவ்வளவு அழுகை என்று எனக்கு அலுப்பாக இருந்தது. சற்று நேரம் கழித்து மாமா எழுந்து வந்தார். பெல்ட்டுக்கு அடியில் எண்ணெய் விட்டுத் துடைத்துத் தன் கையாலேயே சாவியை ஒட்டிவைத்தார். நான் தோத்துட்டேன் பாப்பா என்று என்னிடம் உதட்டைப் பிதுக்கினார். அம்மா ஏறி நடந்தாள்.

அம்மா இளைத்தாள். கன்னம் ஒட்டி, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகியது. அவள் உடம்பு குறையக் குறைய அப்பாவின் பேச்சும் குறைந்துவிட்டது. மெஷின் பக்கமே அவர் வருவதில்லை. அடுத்த ஸ்கேன் எடுத்த அன்று அம்மா படியேறும்போதே "பாஸாயிட்டேன்!" என்று கத்திக்கொண்டு வந்தாள். பரீட்சையில் தேறிய பெண்ணைப் போல இருந்தாள். கொழுப்பு கரைந்துவிட்டதாம், ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்களாம். அதுவரை நடப்பதை விட்டுவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். மாமா சிரித்தார், அம்மாவின் தலையில் கை வைத்தார். அக்காவுக்குத் தம்பி ஆசீர்வாதம் செய்வதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரத்திலேயே மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. விடியற்காலையில் ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள். மாமா தானே சட்டை மாட்டிக்கொண்டு, ஹாலில் மெஷினைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தோம். பிறகு அப்பாவின் தோளைப் பிடித்து இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா மெஷினில் ஏறினால் சாவியைக் காணோம். என்னைத்தான் பிடித்தாள். சாமி சத்தியமாக நான் எடுக்கவில்லை என்று அழுதேன். அதற்குமேல் தேட அவளுக்குத் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை. மொட்டை மாடிக்குப் போனாள். மாமா ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அங்கேதான் நடந்தாள். காய்ச்சல் விட்டதும் ஆபரேஷன் என்று எங்களுக்கும் தனக்கும் சொல்லிக்கொண்டே நடந்தாள். காலி அறையில் மாமாவின் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் அந்தச் சத்தத்தைக் கேட்பேன்.

காய்ச்சல் விடவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மாமாவைச் சேக்காட்டுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் ஹால் முழுக்கச் சொந்தக்காரர்கள். மெஷின்மேல் யாரோ போர்வையைப் போட்டு மூடியிருந்தார்கள், அதைச் சுற்றித்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரை அப்பா அம்மாவின் முன்னால் வைத்தார். வாட்ச், செருப்பு, அன்று போட்டுக்கொண்டு போன சட்டை. அம்மா சட்டையை எடுத்து உதறினாள். சட்டைப்பையின் விளிம்பில் ஒரு கிளிப் மாட்டியிருந்தது. அதன் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். சிவப்புச் சாவி வெளியே வந்து தொங்கியது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழி என்மேலிருந்து நீங்கிவிட்டது. அதைவிட, மாமா நோயோடு போகும்போதும் ஆட்டத்தை மறக்கவில்லை என்பது பெரிய சந்தோஷம்.

"அம்மா, கெடச்சிடுச்சி! மாமா தோத்துட்டாரு!" என்று கத்தினேன்.

யாரோ என் தொடையில் ஓங்கிக் கிள்ளினார்கள். அம்மா அவர்கள் கையைத் தட்டிவிட்டாள். என்னை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இளைத்துப் போன வயிறு, ஒரு கீறல்கூடப் படாத வயிறு. சாவி என் முதுகில் அழுந்தியது.

"இல்ல பாப்பா" என்றாள். "ஜெயிச்சிட்டான்."

சாவி கிடைத்துவிட்டால் ஒளித்தவர் தோற்றதாகத்தான் கணக்கு. அம்மாவுக்கு ஆட்டத்தின் விதியே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.